முதல் வரிசையின் முதல் வட்டம்

786

சாய்ந்தமருது,
3.7.1955

காலிதீன் மாஸ்டர் அவர்களுக்கு றுகையா உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

முன்பெல்லாம் ‘அன்புள்ள மருமகனுக்கு’ என்று தொடங்குவேன். காழியாரின் தலாக் கடதாசி வந்த பிறகு அந்தச் சொல்லில் எனக்கு உரிமை இல்லை. இங்கே படிப்பித்த காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் உங்களை மாஸ்டர் என்றார்கள். அது போதும்.

உங்கள் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிறது. பதினொரு மாதத்துக்குப் பிறகு வந்த கடிதம் என்பதால் மூன்று தரம் வாசித்தேன். நான் அஞ்சாம் வகுப்பு. ஏதாவது விட்டுவிட்டேனோ என்று கடைசித் தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். நாலு பக்கமும் காசு. துணியால் துடைக்கக் கூடாது, புளி போட்டு விளக்கக் கூடாது, விரல் படாமல் ஓரத்தில் பிடிக்க வேண்டும். காசுக்கும் வேர்க்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு எவருடைய சுகமும் கேட்கவில்லை. மறதியாக இருக்கலாம்.

தை மாதம் மகள் முனவ்வறாவுக்குப் பிள்ளை கிடைத்தது. தாயும் பிள்ளையும் சுகம். நீங்கள் கேட்காததால் இதற்கு மேல் எழுதவில்லை.

உங்கள் வாப்பா சேர்த்து வைத்த காசுகள் மகளின் கட்டிலுக்குக் கீழ் அந்த பிஸ்கட் தகர ரின்னில்தான் இருக்கின்றன. ஒல்லாந்துக் காசு, யானைக் காசு எதுவும் குறையவில்லை. ரின்னோடு அனுப்பினால் வழியில் ஒன்றோடொன்று உரசும், ஆல்பத்தில் அடுக்கி அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்லது. கொழும்பில் நீங்கள் பெண் எடுக்கப்போகிற வீட்டு முதலாளியும் காசு சேர்க்கிறவராம். மாப்பிள்ளை கையோடு கொண்டுவரும் ஆல்பத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறாராம். இதை நீங்கள் எழுதவில்லை. சாரன் விற்கப் புறக்கோட்டைக்குப் போய்வருகிற ஸைனுலாப்தீன் சொன்னார்.

நீங்கள் அனுப்பிய கடைப் பட்டியலில் மூன்று வகை இருந்தது. கண்ணாடித்தாள் பைகள் வைத்த ஆல்பம் நல்லது, காசுகளை விரும்பியபடி இடம் மாற்றலாம் என்று அதற்குக் கோடு போட்டிருக்கிறீர்கள். எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட என்பதை மறந்துவிட்டீர்கள். சட்டை சுற்றி வருகிற கண்ணாடித்தாளில் ஒரு செப்புக் காசைப் போட்டு ஜன்னலில் பத்து நாள் தொங்கவிட்டேன். உள்ளே பச்சை பிடித்துவிட்டது. அது உங்கள் காசு அல்ல, என்னுடையது. பயப்பட வேண்டாம். இரண்டாவது வகை கடதாசி உறை. அதில் போட்டால் காசு தெரியாது. பார்க்கச் சேர்த்ததா, மறைக்கச் சேர்த்ததா?

மூன்றாவதுதான் சரி. தடித்த மட்டையில் காசின் அளவுக்கு வட்டம் வெட்டி, ஓரம் மட்டும் பிடிக்கிறபடி இருத்துவது. காசின் முகத்தில் ஒன்றும் படாது. கொழும்பில் வாங்க வேண்டாம். கல்முனையில் புத்தகம் கட்டுகிற நல்லரெத்தினம் இருக்கிறார். கோர்ட்டுப் பதிவேடெல்லாம் அவர் கட்டியதுதான். எந்தக் காசு எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று நீங்களே அளந்து படம் கீறி அனுப்புங்கள். அப்படியே செய்விக்கிறேன்.

பொன் வரிசையின் முதல் பவுண் முனவ்வறாவிடம் இருக்கிறது, அதையும் சேர்த்து வையுங்கள், விலை அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவளிடம் வெறுமனே இருக்கிற காசு அல்ல. நிக்காஹ் அன்று லெப்பையும் சாட்சிகளும் பார்த்திருக்க நீங்கள் அவளுக்குக் கொடுத்த மஹர். அதைப் பற்றி ஆல்பம் முடிந்த பிறகு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பிள்ளையின் உம்மும்மா,
றுகையா உம்மா

*

786

சாய்ந்தமருது,
18.9.1955

காலிதீன் மாஸ்டர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

படம் கிடைத்தது. கம்பாஸ் வைத்துக் கீறியிருக்கிறீர்கள், கை சுத்தம். இந்த முறை இரண்டு பக்கம். அதிலும் யாருடைய சுகமும் இல்லை. இப்போது மறதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆல்பம் முடிந்துவிட்டது. ஏழு மட்டை, சிவப்புத் துணி போட்ட கட்டு. பூச்சி வராமல் பசையில் மயில்துத்தம் போடுவது வழக்கம் என்றார் நல்லரெத்தினம். வெள்ளிக் காசு கறுத்துப்போகும், போட வேண்டாம் என்று நான்தான் மறித்தேன். காசுகளை நானே ஓரத்தில் பிடித்து ஒவ்வொன்றாக இருத்தினேன். ஒன்றையும் துடைக்கவில்லை. உங்கள் வாப்பா மௌத்தான நாளில் அவை எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கின்றன. இந்த வீட்டை நம்பி வைத்த பொருள் எதுவும் இங்கே கெட்டுப்போவதில்லை.

முதல் மட்டையில், நீங்கள் கீறியபடியே, பொன் வரிசை. ஐந்து வட்டம். சின்னக் கிரீடம் வைத்த ராணி, முக்காடு போட்ட ராணி, மொட்டைத்தலை ராசா, அவருடைய மகன், நாலு பேரும் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள். ஒவ்வொரு வட்டத்துக்குக் கீழும் நீங்கள் குறித்த வருஷத்தை நல்லரெத்தினம் கறுப்பு மையால் அழகாக எழுதியிருக்கிறார். முதலாவது வட்டத்துக்குக் கீழேயும் 1872 என்று எழுதியிருக்கிறது. வட்டத்தில் ஒன்றும் இல்லை.

அவர் அப்போதே கேட்டார். “முதலாவதுக்குக் காசு இல்லையே உம்மா, நாலு வட்டமா வெட்டித் தாறனே, ஆருக்கும் தெரியாது” என்றார். “அஞ்சு வெட்டுங்க தம்பி, தெரியத்தான் வெட்டச் சொல்றன்” என்றேன். அந்த மனிதர் அஞ்சும் வெட்டினார். பைகள் வைத்த ஆல்பம் என்றால் நீங்கள் காசுகளை நகர்த்தி அந்த இடத்தை மூடிவிடுவீர்கள். இதில் முடியாது. மற்ற வட்டங்களுக்குப் பின்னால் தாள் ஒட்டியிருக்கிறது. அதற்கு மட்டும் ஒட்ட வேண்டாம் என்றேன். மட்டையைத் தூக்கிப் பிடித்தால் அதனூடாக எதிரில் இருக்கிறவருடைய முகம் தெரியும். முதலாளி ஆல்பத்தைத் திறக்கும்போது நீங்கள் எதிரில் உட்கார்ந்திருங்கள். இந்த ராணி எங்கே மாப்பிள்ளை என்று அவர் கேட்பார். காசு தெரிந்த மனிதர் கேட்காமல் இருக்க மாட்டார். நீங்கள் சொல்லுங்கள்.

இனி அந்தக் காசைப் பற்றி.

முனவ்வறா அதை உங்களுக்கு அனுப்பத்தான் நின்றாள். ரின்னைத் திறந்தபோது, அவளுடைய கல்யாணச் சேலையில் கிழித்த துண்டில் சுற்றி, மற்றக் காசுகளுக்கு நடுவில் வைத்திருந்தாள். எடுத்து அவளுடைய பெட்டகத்தில் வைத்துவிட்டேன். ஆல்பம் வீட்டுக்கு வந்த அன்று அஸர் தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன், முதலாவது வட்டத்தில் அந்த ராணி இருக்கிறாள். விரல் படாமல், சரிவாகக்கூட இல்லாமல், நேராக இருத்தியிருக்கிறாள். நீங்கள் சொல்லிக்கொடுத்த பிடி அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. அதைப் பார்த்தால் உங்களுக்குத் திருப்பித் தந்தவளின் நினைவு வரும், ஒருதரம் வந்து போவீர்கள் என்று அவளுக்கு எண்ணம். அவள் வாய் திறந்து சொல்லவில்லை. பெற்றவள் எனக்குச் சொல்லவும் தேவையில்லை.

மறுநாள் காலையிலேயே காசை எடுத்துக்கொண்டு குணம் தட்டாரிடம் போனேன். அவர் இரண்டு தரம் மறித்தார். “பழைய காசும்மா, ஓட்டை போட்டா ஒருத்தனும் சீண்ட மாட்டான்” என்றார். அதற்காகத்தான் கொண்டுவந்தேன் என்று சொல்லி, ராணியின் தலைக்கு மேல் துளைத்து வளையம் போடச் செய்தேன்.

பெண்ணின் மஹரில் தாய்க்குப் பங்கில்லை. கேளாமல் எடுத்தது பிழை. அதற்கு அல்லாஹ்விடம் பதில் சொல்வேன். உங்களிடம் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது அது கறுப்பு நூலில் பிள்ளையின் கழுத்தில் கிடக்கிறது. கீழ்ப் பல் இரண்டு முளைத்திருக்கிறது. எந்நேரமும் அதைக் கடித்துக்கொண்டிருக்கிறது, ராணியின் முகம் எப்போதும் எச்சில் ஈரம். விரல் படாமல் ஓரத்தில் பிடிக்க வேண்டும் என்பது பிள்ளைக்கு இன்னும் விளங்காது. எட்டு மாதத்தில் கதவைப் பிடித்து எழுந்து நிற்கிறது. எங்கள் குடியில் எல்லோருக்கும் கால் பலம். பார்த்தவர்கள், றுகையா உம்மாவின் நெற்றியை உரித்து வைத்திருக்கிறது என்கிறார்கள். உங்கள் சாயல் எதுவும் இல்லை. காது மட்டும் உங்களுடையது.

துளைத்த காசை முனவ்வறா கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். “இனி அவருக்கு இது வேணாமா உம்மா?” என்று கேட்டாள். “வேணாம்” என்றேன். “அப்ப சரி” என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அன்றிலிருந்து என்னோடு கதையில்லை. சோறு போடுகிறாள், வெற்றிலை மடித்துத் தருகிறாள், தொழுகைக்கு ஒளுச் செய்யத் தண்ணீர் வார்க்கிறாள், முகத்தைப் பார்க்கிறாள் இல்லை. இன்றோடு பன்னிரண்டு நாள். நான் தாங்குவேன். வேலையில் இடமாற்றம் கிடைக்கவில்லை, அதனால்தான் மருமகன் வரவில்லை என்று ஒரு வருஷம் ஊருக்குப் பொய் சொல்லித் தாங்கிய நெஞ்சு இது.

ஆல்பம் வியாழக்கிழமை ஸைனுலாப்தீன் கையில் வருகிறது. நீங்கள் விட்டுவிட்டுப் போன மருதமுனைச் சாரனில் சுற்றியிருக்கிறேன். துவைத்து வைத்தது. உங்களுடைய பொருள் இனி இந்த வீட்டில் இல்லை, பிள்ளையைத் தவிர.

பிள்ளையின் பேரையும் ஆணா பெண்ணா என்பதையும் வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டேன். நீங்கள் கேட்டு ஒரு வரி எழுதினால் அன்றைக்கே பதில் எழுதுவேன். நானல்ல, முனவ்வறா எழுதுவாள். அவள் கையெழுத்து என்னுடையதைவிட நல்லது என்பது உங்களுக்குத் தெரியும். காசைப் பற்றிக் கேட்டு எழுதினால், அந்தக் கடிதத்தை அவள் பார்க்க முன்னம் அடுப்பில் போடுவேன்.

ஆல்பத்தை மழை நாளில் திறக்க வேண்டாம். ஈரக் கையால் தொட வேண்டாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். அந்த முதல் மட்டையைத் திறக்கிற ஒவ்வொரு நாளும், கடைசி நாள் வரைக்கும், உங்கள் கண்பார்வை மங்காமல் வைத்திருக்கட்டும். ஆமீன்.

முனவ்வறாவின் உம்மா,
றுகையா உம்மா