ஏழு தடவை பார்த்த கண்ணாடி

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு பஸ்ஸை நாலு நிமிடம் நிறுத்திவைத்தேன். உள்ளே முப்பது பேர்.

டிரைவருக்கு நேற்றுதான் எங்கள் கடையில் கண்ணாடி கொடுத்தோம். பவரைக் கருவியில் வைத்துச் சரிபார்ப்பது என் வேலை. வலது எது என்று தெரிய வலது வில்லையில் மையால் ஒரு புள்ளி வைப்போம், கொடுக்கும்முன் துடைத்துவிடுவோம். துடைத்த நொடியிலிருந்து என்னைச் சனி பிடித்துக்கொள்ளும். ஏழு தடவை பார்த்தேனே — இருந்தும், வலது இடது மாறியிருந்தால்? அவர் யார்மேலாவது ஏற்றிவிட்டால்?

காலையில் அவர் பஸ் கடைக்கு எதிரே நின்றது. ஏறினேன். அவர் வாய் திறப்பதற்குள் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

"அம்மா! அத எடுத்துட்டா நான் எப்படி ஓட்டுறது?"

"ரெண்டே நிமிஷம் அண்ணா!"

பின்னாலிருந்து ஒரு குரல், "அந்தம்மா வர்ற வரைக்கும் யாரும் வண்டிய எடுக்கச் சொல்லாதீங்கப்பா!" பஸ்ஸே சிரித்தது. கடைக்குள் ஓடி, பார்த்து, ஓடிவந்து மாட்டிவிட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பஸ் நகர்ந்ததும் அடுத்த சந்தேகம்: இப்போது ஒழுங்காகப் பார்த்தேனா?

மார்ச் 5

வீட்டுக்காரரிடம் சொன்னேன். புரையேறும்வரை சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி, நாளைக்கு விமானம் ஓட்டுறவர் கண்ணாடி வாங்க வந்தா என்ன பண்ணுவ?" என்றார். விமானத்திலும் ஏறியிருப்பேன். "டாக்டர்கிட்ட போலாம்மா" என்றார், மெதுவாக.

மார்ச் 11

டாக்டரம்மாவிடம் என் போனைக் காட்டினேன். அடுப்பை அணைத்ததற்குச் சாட்சியாகத் தினமும் எடுத்த படங்கள். மகள் படம் பன்னிரண்டு. அடுப்புப் படம் இரண்டாயிரத்துச் சொச்சம்.

"அடுப்பு நல்லா வளர்ந்திருக்கு" என்றார். எனக்கு அவரை அங்கேயே பிடித்துப்போயிற்று.

இதன் பெயர் ஓ.சி.டி.யாம், விடாமல் திரும்பத் திரும்பப் பார்க்கவைக்கும் சந்தேக வியாதி. திரும்பப் பார்க்காமல் இருக்கப் பயிற்சி கொடுப்பார்களாம். கூடவே மாத்திரை. பலன் தெரியப் பல வாரம் ஆகுமாம். "யோசிச்சு முடிவெடுங்க" என்று சீட்டைக் கொடுத்தார். யோசிப்பதா? அதைத்தானே நான் நாள் முழுக்கச் செய்கிறேன்!

மார்ச் 12

முதலாளி இன்றும் ஒரு வாடிக்கையாளரிடம் பெருமையடித்தார்: "எங்க கடையில ஏழு தடவ பார்க்காம ஒண்ணு வெளிய போகாதுங்க." என்னைக் கைகாட்டினார். எனக்கு முகமெல்லாம் பல்.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. மாத்திரை சாப்பிட்டு, பயம் போய், கூடவே என் கவனமும் போயிட்டா? என்கிட்ட வேற என்ன இருக்கு? நிஜமாவே ஒருநாள் மாத்திக் கொடுத்துட்டேன்னா? எனக்கு பயமா இருக்கு. பயம் போயிடுமோன்னு பயமா இருக்கு. வெளியே சொன்னா சிரிப்பாங்க. எனக்கே சிரிப்பு வருது.

மார்ச் 14

மாத்திரைப் பெட்டியில் இருந்த தாளை ஏழு தடவை படித்தேன். எட்டாவது தடவை படிப்பதற்குப் பதில் டாக்டரம்மாவுக்கே போன் போட்டேன்.

"என் கவனமும் சேர்ந்து போயிடுமா டாக்டர்?"

"முதல் தடவ பார்க்குறீங்களே, அது கவனம். மிச்சம் ஆறும் வியாதி."

மார்ச் 16, ஞாயிறு

போட்டுவிட்டேன்!

போட்டேனா?

கண்ணாடி முன்னால் ஆவென்று நின்றேன். வீட்டுக்காரர் டார்ச்சோடு வந்து நாக்குக்கு அடியில் பார்த்தார். "போயிடுச்சு. நானே வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிட்டு வந்தேன்." இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மார்ச் 20

வாயைத் திறந்தால் கொட்டாவி, மூடினால் குமட்டல். டாக்டரம்மா கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்கிறார்.

ஏப்ரல் 2

அடுப்புப் படம் இன்று நாலு. நேற்றும் நாலு. இந்த மாத்திரை ஆமையிடம் வேலை கற்றதோ?

ஏப்ரல் 28, திங்கள்

கடையில் இன்று நிஜமாகவே ஒன்று மாறியிருந்தது. வில்லை மாட்டுகிறவர் வலதை இடதில் மாட்டிவிட்டார். முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டேன், முதல் பார்வையிலேயே! திருப்பி மாட்டச் சொல்லி, ஒரு தடவை பார்த்தேன். கை மறுபடி கருவிக்குப் போனது. வியர்த்தது. இழுத்துக்கொண்டேன். புள்ளியைத் துடைத்தேன்.

"ஏழா?" என்றார் முதலாளி.

"ஒண்ணு."

அவர் முகம் வெளுத்துவிட்டது. கண்ணாடியை வாங்கித் தானே ஒரு தடவை பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை எடுத்தபோது, "உங்களுக்கும் மாத்திரை வாங்கிட்டு வரட்டுமா சார்?" என்றேன். முறைத்தார். அப்புறம் சிரித்து, கண்ணாடியைப் பெட்டியில் வைத்தார்.

மே 19, திங்கள்

மழை. அதனால் பஸ். படியில் என்னைப் பார்த்ததுமே டிரைவர் இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். நான் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மழையில் ஒரு நாய் குடைக்கடைக்குள் நுழைந்து கம்பீரமாக நின்றது. அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இறங்கும்போது அவருக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா, இன்னைக்குப் பார்க்கலயா?"

"எதண்ணா?" என்றேன்.