நீ பேர் சொல்லவில்லை

உன் மகள் இன்று காலை வவுனியாவிலிருந்து வந்து போனாள். முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற நினைவு மலரில் நானும் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். "அம்மாவின்ரை சிநேகிதி நீங்கள்தானே அன்ரி, வேறை ஆரைக் கேக்கிறது?" என்று ஒரு வெள்ளைத் தாளைத் தந்தாள். அந்தத் தாளில்தான் இதை எழுதுகிறேன். அவளுக்கு வேறொன்று எழுதிக் கொடுப்பேன், அன்பு, பண்பு என்று எல்லோரும் எழுதுகிற மாதிரி. இது உனக்கு. உன்மேல் எனக்குள்ள கோபம் நீ செத்த பிறகும் குறையவில்லை.

பின்னேரங்களில் உன் வீட்டில் பாயைப் போட்டுக்கொண்டு நாங்கள் பார்த்த அந்தத் தொடர்களிலிருந்து தொடங்குகிறேன். இங்கிலீஷ்காரர் எடுத்தவை, தமிழில் குரல் கொடுத்தவை. கொலை நடந்த அறைக்குள் துப்பறிகிற ஒருத்தி நடப்பாள். கோப்பை எப்படிக் கவிழ்ந்திருக்கிறது, செருப்பு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்ப்பாள். பிறகு, முப்பத்தைந்து வயதிருக்கும், தனியாள், தாயோடு பகை என்பாள். விளம்பரம் முடிய அப்படியே ஒருவன் விலங்கோடு நிற்பான். நீ தொடையில் தட்டிச் சிரிப்பாய். "பாத்தியாடி? ஆளைக் காணாமலே ஆளைச் சொல்லிப்போட்டாள்."

பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் பிடித்திருந்தது. எங்கள் ஊரில் எதை யார் செய்தார்கள் என்று எங்களுக்கு ஒருவரும் முடிவாகச் சொன்னதில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் குற்றவாளியின் முகத்தைக் காட்டுகிற பெட்டியை யாருக்குத்தான் பிடிக்காது? அதைவிடப் பெரிய ருசி, ஒருவனைப் பார்த்த உடனேயே அவன் மனதுக்குள் என்ன இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியும் என்ற பெருமை. மீன் விற்கிறவனின் சேர்ட் பொத்தானைப் பார்த்துவிட்டு "உவன் பெண்சாதியோடை கோவம்" என்பாய். நானும் சிரிப்பேன். கதை எழுதுகிறவனுக்குக் கள்ளன் யாரென்று முதலே தெரியும், அவனுக்குப் பொருந்துகிற அடையாளங்களைத்தான் அந்தத் துப்பறிகிறவளின் வாயில் வைக்கிறான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை.

பிறகுதான் கரையில் நின்ற வள்ளமொன்றின் எஞ்சின் களவு போனது. வழக்கம்போல இவர்தான் முதலில் ஓடினார். என் மனிசனை உனக்குத் தெரியும். கொழும்புத்துறையில் யார் வீட்டில் ஒரு அவதி என்றாலும் சேர்ட் போடாமலே ஓடுகிற ஆள். மூன்று நாள் கடல் தொழிலுக்குப் போகாமல் பற்றை பற்றையாகத் தேடினார்.

மூன்றாம் நாள் மீனவர் சங்கத்தில் எல்லோரும் கூடி நின்றபோது, சங்கத்துக் கிளாக்கர் நீ, கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னாய்.

"செய்தவன் தூரத்து ஆளில்லை. நாப்பது தாண்டினவன். எஞ்சின் கழட்டத் தெரிஞ்சவன். ஊருக்குள்ளை நல்ல பேர் இருக்கும். தேடுறதிலையும் அவன்தான் முன்னுக்கு நிப்பான். உந்த மாதிரி ஆக்கள் கூட நிண்டு பாத்து ரசிப்பாங்கள்."

பக்கத்தில் இருந்த நான் "ஓம், அப்பிடித்தான்" என்று தலையாட்டினேன். முந்தின கிழமை நாங்கள் பார்த்த கதையில் அப்படித்தான் வந்தது. ஆட்டி முடித்த பிறகுதான் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பதைக் கண்டேன்.

இவரைப் பொலிசில் இரண்டு நாள் இருத்தி வைத்தார்கள். விட்ட பிறகும் கரையில் ஒருவரும் அவரை வள்ளம் தள்ளக் கூப்பிடவில்லை. கடலை விட்டுவிட்டு ஓட்டோ ஓடத் தொடங்கினார். ஒரு மாதம் கழித்துப் பிடிபட்டது வள்ளக்காரரின் சொந்த மச்சான். இருபத்தாறு வயது. தேட ஒருநாளும் வராதவன்.

உன்னிடம் வந்து கேட்டேன். நீ தொலைக்காட்சியின் சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை. "நான் ஆரின்ரையும் பேர் சொல்லேல்லையே. ஆக்கள் பிழையா விளங்கினதுக்கு நான் என்ன செய்யிறது?"

உண்மைதான், நீ பேர் சொல்லவில்லை. அவருடைய அளவுக்கு ஒரு சட்டையைத் தைத்து, ஊருக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாய். "பிழையாப் போச்சு அண்ணை" என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்லியிருந்தால் போதும். ஒரு மதில்தான் நடுவில். இரண்டு வருடம் உனக்கு நேரம் வரவில்லை. நானும் உன் படலையை மிதிக்கவில்லை.

நீ விழுந்த அன்று காலை பத்து மணி இருக்கும். உன் கிணற்றடியில் வாளி உருண்டது. "ஐயோ, ஆராவது வாங்கோவன்" என்று ஒருதரம் கேட்டது. இவர் முற்றத்தில் ஓட்டோ துடைத்துக்கொண்டிருந்தார். துணியைப் போட்டுவிட்டுப் பழக்கத்தில் இரண்டு எட்டு வைத்தார். பிறகு நின்றார்.

"ஆக்கள் வருவினம்" என்றார். "முதல் ஓடிப்போறது நானா இருக்கக்கூடாது."

குனிந்து துணியை எடுத்தார். நான் குசினி யன்னலடியில் நின்றேன். "போங்கோ" என்று நான் சொல்லியிருந்தால் போயிருப்பார். என் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு உன்மேல் அவ்வளவு கோபம். நான் சொல்லவில்லை. மரக்கறி கொண்டுவந்தவர் உன்னைக் கண்டு சத்தம் போட்டபோது அரை மணித்தியாலம் போயிருந்தது.

உன்னை நான் மன்னிக்கவில்லை. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம்.

உன் மகளுக்கு எதுவும் தெரியாது. இன்று காலை போகும்போது படலையடியில் நின்று என் கையைப் பிடித்தாள். "அண்டைக்கு அங்கிள் வீட்டிலை நிண்டிருந்தால் அம்மா தப்பியிருப்பா, என்ன அன்ரி?"

ஓம் என்றேன்.