மச்சாள் தேடிப்போன முகவரி

மச்சாள்,

உங்கள் கறுப்புக் கோட்டை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இன்று காலை அலுமாரியிலிருந்து எடுத்தேன். யூக்கலிப்டஸ் எண்ணெய் வாசம் முகத்தில் அடித்தது. நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதமாகிறது, அந்த வாசம் மட்டும் இன்னும் வீட்டைவிட்டு வெளிக்கிடவில்லை. கொடுப்பதற்கு முன் பொக்கற்றுகளைத் துழாவினேன். ஒரு கைலேஞ்சி, இரண்டு இருமல் இனிப்பு, மோர்னிங்சைட் பஸ்ஸில் கொடுத்த ட்ரான்ஸ்ஃபர் துண்டு. அவ்வளவுதான். ஆனாலும் களவெடுக்கிற ஆளைப்போல வாசலைத் திரும்பிப் பார்த்தேன். உங்களுடைய பொருட்களை நான் துழாவியது இது முதல் தடவை இல்லை. இன்றைக்கு அதையும் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் என் கணவரின் அக்கா. கல்யாணம் செய்யவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக் கந்தோரில் பத்தொன்பது வருடம் வேலை செய்துவிட்டு, இங்கே ஸ்காபரோவில் பிஸ்கட் பெட்டி அடுக்கினீர்கள். வேலை மாறியதே தவிர கண் மாறவில்லை. கல்யாணக் காட் வந்தால்கூட முன்பக்கம், பின்பக்கம், கடித உறை என்று மூன்றையும் வாசிப்பீர்கள். "ஆர் எழுதினது, ஆர் ஒப்பம் வைச்சது எண்டு பாக்காமல் ஒரு தாளையும் நம்பக்கூடாது" என்பீர்கள். என் மகள் துளசிக்கும் எனக்கும் நீங்கள் ‘சீஐடி’. உங்களுக்குக் கேட்காமல்தான் சொல்வோம். கேட்டிருக்கும்.

துளசிக்குப் பிறகு எனக்கு இன்னொரு பிள்ளை இல்லையென்று டொக்டர் சொன்ன வருடம், உங்கள் தம்பியின் சிநேகிதர் ஒருவர் கொழும்புக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் இல்லம் ஒன்றைப் பற்றிச் சொன்னார். தமிழ்ப் பிள்ளை, எட்டு மாதம், தாய் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டா என்றார். படம் வந்தது. அன்றைக்கே நான் தாயாகிவிட்டேன். ரொறன்ரோவில் தத்தெடுப்பு விசாரணைக்கு வந்த அதிகாரி எங்கள் குளிர்சாதனப் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தா, நான் முகம் சுளிக்கவில்லை. நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்த இடத்துப் பிள்ளை? தாய் ஆர்?"

எங்கள் சனம் அதை எதற்குக் கேட்கும் என்று எனக்குத் தெரியாதா? கல்யாணம் பேசினாலும் சரி, வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வந்தாலும் சரி, அந்தக் கேள்வியால்தானே சாதியை மணந்து பார்ப்பார்கள். பதிவுக் கந்தோர்க்காரி தன் குணத்தைக் காட்டிவிட்டா என்று நினைத்தேன். பிள்ளையின் பைலைக் கேட்டீர்கள். "எல்லாம் முடிஞ்ச பிறகு காட்டுறன் மச்சாள்" என்று சொல்லி, அதை என் உடுப்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தைவிட்டுச் சனமெல்லாம் ஒரேயடியாக வெளிக்கிட்டதே, அதற்கு முந்திய வருடம் நாங்கள் கொழும்புக்குப் போனோம். துளசியைப் பார்த்துக்கொள்ள நீங்களும் வந்தீர்கள். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ். காலையில் எல்லோரும் இல்லத்துக்குப் போவோம். பிள்ளை என் மடியில் ஏற இரண்டு நாளும் எடுக்கவில்லை. விசுக்கோத்தை முதலில் என் வாயில் வைப்பாள், நான் கடித்த பிறகுதான் தன் வாயில் வைப்பாள். நான் அவளைக் குட்டி என்று கூப்பிட்டேன். நீங்கள் தூக்கவேயில்லை. சுவரோரம் கதிரை போட்டு இருந்து, பிள்ளையைப் பார்க்காமல் அந்த இல்லத்துப் பொறுப்பாளரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நாலாம் நாளிலிருந்து நீங்கள் வரவில்லை. தலையிடி என்றீர்கள். நாங்கள் திரும்பி வந்தால் அறை பூட்டியிருக்கும், லொட்ஜ்காரர் "அம்மா காலமையே ஓட்டோ பிடிச்சுப் போட்டா" என்பார். பொலிஸ் பதிவுத் துண்டு கையில் இல்லாமல் தமிழர் தெருவில் இறங்கப் பயந்த காலம் அது. அதைக்கூடப் பாராமல் தனியே எங்கே போகிறீர்கள்? நீங்கள் குளிக்கப் போன நேரம் உங்கள் கைப்பையைத் துழாவினேன். குட்டியின் தாள்களின் போட்டோப் பிரதி இருந்தது. பிறப்புப் பதிவில் இருந்த கொட்டாஞ்சேனை முகவரியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம். லோயரிடமிருந்து எடுத்து உங்கள் தம்பிதான் தந்திருக்கிறார்.

"உங்கடை அக்கா பிள்ளையின்ரை சாதி விசாரிக்கத் திரியிறா," என்று அவரிடம் பாய்ந்தேன்.

"அக்கா அப்பிடி இல்லை. பேசாமல் விடுமப்பா."

"அப்ப ஏன் ஒளிச்சு ஒளிச்சுப் போறா? நல்ல அலுவலுக்கு ஆரும் ஒளிச்சுப் போவினமோ?"

அதற்குப் பிறகு நீங்கள் தந்த தேத்தண்ணியைக்கூட நான் சந்தேகத்தோடுதான் குடித்தேன். குட்டியை உங்களிடமிருந்து காப்பாற்ற வேண்டுமென்று, சத்தியமாக, நான் கும்பிட்டேன்.

பிள்ளையை எங்கள் பேரில் எழுதி எடுக்கக் கோர்ட்டுக்குப் போக இரண்டு நாள் இருக்கையில், பின்னேரம், வியர்த்து விறுவிறுத்து வந்து கட்டிலில் இருந்தீர்கள்.

"பிள்ளையின்ரை தாயைக் கண்டனான்," என்றீர்கள். "கொட்டாஞ்சேனையில விசாரிச்சுப் பிடிச்சனான். இப்ப தெகிவளையில ஒரு வீட்டில வேலைக்கு நிக்கிறா. மூதூர்ப் பக்கம். இடம்பெயர்ந்து வந்த பிள்ளை. வேலை வீட்டில குழந்தையை விடமாட்டினமாம். ஆறு மாசம் பாத்துத் தாங்கோ எண்டுதான் இல்லத்தில விட்டவவாம். ஒண்டும் எழுதிக் குடுக்கேல்லையாம்."

"தாய் ஒப்பம் வைச்ச தாள் இருக்கு."

"உந்த ரெண்டு தாளையும் பக்கத்தில வைச்சுப் பாரும். பிறப்புப் பதிவில தாய் வடிவாய்த் தமிழில கையெழுத்து வைச்சிருக்கிறா. பிள்ளையைக் குடுக்கிற தாளில பெருவிரல். பேர் எழுதத் தெரிஞ்ச மனிசி ஏன் கைநாட்டு வைக்கிறா? பத்தொன்பது வருசம் நான் பாத்தது உதைத்தான்."

நான் தாள்களை எடுத்துப் பார்க்கவில்லை. நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று கத்தினேன். சாதி பிடிக்கவில்லை என்பதற்காகக் கதை கட்டுகிறீர்கள் என்றேன். கடைசியாக, சொல்லக்கூடாததையும் சொன்னேன்: "உங்களுக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தால் என்ரை வயிறு எரியிறது விளங்கும்."

துளசி கதவோரம் நின்றாள். நீங்கள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தீர்கள்.

"ஓம். எனக்குப் பிள்ளை இல்லை. அதாலைதான் எனக்கு அவசரமும் இல்லை," என்றீர்கள்.

அடுத்த நாள் அந்தத் தாயை இல்லத்துக்குக் கூட்டிவந்தீர்கள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். வாசலில் வருகைப் புத்தகத்தை நீட்டினார்கள். நான் குட்டியோடு நாலடி தள்ளி நின்றேன். அவள் பேனையை வாங்கி, தன் முழுப் பெயரையும் நிதானமாக எழுதினாள். பொறுப்பாளர் ஜன்னலைப் பார்க்கத் தொடங்கினார். எனக்கு அந்த எழுத்தை எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. குட்டி உடனே தாயிடம் போகவில்லை, என் சீலையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். அந்த ஒரு நிமிடம் எனக்குச் சந்தோசமாக இருந்தது. வெட்கமில்லாத சந்தோசம். தாய் அழவுமில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. "ஆறு மாசத்தில வாறன் எண்டு சொல்லித்தானே விட்டனான்," என்று மட்டும் பிள்ளையிடம் சொன்னாள். பிறகு கையை நீட்டியபடி நின்றாள். பிள்ளை திரும்பும்வரை நின்றாள்.

நாலு பேராகப் போய் நாலு பேராகவே திரும்பினோம். பிளேனில் துளசி, "பேபி எங்கயம்மா? யூ ப்ராமிஸ்ட்," என்று கேட்டுக் கேட்டு உங்கள் மடியிலேயே நித்திரையானாள். என் மடியில் படுக்கவில்லை.

இங்கே வந்த பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் பேப்பர் சரிவரவில்லை என்றோம். யூனியன்வில்லில் ஒரு பிறந்தநாள் வீட்டில் மட்டும், ஒரு அன்ரி துருவித் துருவிக் கேட்க, "மச்சாளுக்கு விருப்பமில்லை" என்று சொல்லிவிட்டேன். திரும்பினால், கையில் சாப்பாட்டுத் தட்டோடு நீங்கள். "கறி கொஞ்சம் உறைப்பு, பாத்துப் போடும்" என்று சொல்லிவிட்டு அப்பால் போனீர்கள். ஊரெல்லாம் உங்களைக் கல்நெஞ்சுக்காரி என்றது. நான் மறுக்கவில்லை. பிறகு நாங்கள் இன்னொரு பிள்ளைக்கு முயலவுமில்லை.

இனிச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன், மச்சாள். அந்தத் தாள்கள் ரொறன்ரோவுக்கு வந்த நாளில் நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள். குசினி மேசையில் அவற்றைப் பரப்பி வைத்து வாசித்தேன். ஒன்றில் கையெழுத்து, மற்றதில் கைநாட்டு. நான் ஒரு கந்தோரிலும் வேலை செய்ததில்லை. இருந்தும் கண்டேன். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பைலை மூடினேன். நீங்கள் ‘எந்த இடத்துப் பிள்ளை’ என்று கேட்டது அதற்கு இரண்டு நாள் கழித்து. உங்களைச் சாதி பார்ப்பவளாக்கியது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? உங்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தால், அந்தப் பெருவிரலைச் சந்தேகப்பட நேரமே இருக்காது.

குட்டியின் பிடி இன்னும் என் சீலையில் இருக்கிறது. அவளைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவரத் தெரிந்தே புறப்பட்டவள் நான் என்பதும் என்னோடுதான் இருக்கிறது. நீங்கள் எதையும் ஊகிக்காத ஆள் இல்லை. ஆனாலும் இத்தனை வருடத்தில் ‘உமக்கு முதலே தெரியுமோ’ என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அதையும் நான் நம்பவில்லை.