ராஜம்மாவுக்குக் கீழே பட்டம்மா

சின்னம்மாவுக்கு அஞ்சலை வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் குறைந்ததா?

ஸ்ரீபெரும்புதூர் கோயில் திருவிழாவில் பச்சை குத்திக்கொண்டேன். கை லேசாக வீங்கியது, மஞ்சள் வைத்ததும் அடங்கிவிட்டது. செத்துப்போன அம்மாவின் பெயர் என் கையில் இருக்கிறதே, அதற்குக் கீழே உங்கள் பெயர்.

"மேல கீற ராஜம்மா யாரு?" என்று பச்சை குத்துகிற அக்கா கேட்டாள்.

"எங்கம்மா."

"கீழ பட்டம்மா?"

"அதுவும் எங்கம்மாதான்."

"இன்னாடி, ஒரு கைக்கு ரெண்டு அம்மாவா!" என்று கூட வேலை செய்யும் ஷெர்லின் சிரித்தாள்.

உங்களை அப்படிக் கூப்பிட எனக்குத்தான் இத்தனை நாள் கூச்சம்.

போர்த்திக்கொள்ள உங்கள் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள். துவைக்காவிட்டாலும் பரவாயில்லை. கம்பெனி பஸ் வந்துவிட்டது. வரட்டுமா, அம்மா?

உங்கள் மகள்
அஞ்சலை