அசையாமல் படுக்கச் சொன்னார்கள்

என்னங்க,

நல்லா இருக்கீங்களா? அத்தைக்கு முட்டிவலி தேவலையா? நான் நல்லா சாப்பிடுறேன், கவலைப்படாதீங்க.

என்னை மாதிரி மனச்சோர்வு உள்ளவங்க மூளையும் மத்தவங்க மூளையும் எப்படி வேறுபடுதுன்னு நூத்துக்கணக்கான படங்களை ஒப்பிட்டுப் பாக்குறாங்களே, அந்த ஆராய்ச்சிக்கு நேத்து எனக்கு மறுபடி ஸ்கேன். ஆடாம அசையாம படுக்கணும். மெஷின் உங்களை மாதிரியே குறட்டை விட்டுச்சு! சிரிப்பை அடக்கவே முடியல. தலை ஆடி, படம் கெட்டுப்போச்சு.

மன்னிப்பு கேட்டேன். டாக்டரம்மாவும் சிரிச்சுட்டாங்க. "போன வருஷம் கல்லு மாதிரி கிடந்தீங்க, படம் துல்லியமா வந்துச்சு. எனக்கு இந்தக் கெட்டுப்போன படம்தான் பிடிச்சிருக்கு"ன்னாங்க.

உங்க குறட்டையைப் போன்ல பதிவு பண்ணி அனுப்புங்க. இந்த ஹாஸ்டல் ரூம்ல ராத்திரி சத்தமே இல்லை.

கம்பெனி பஸ் வந்துருச்சு, ஓடுறேன்.

உங்க வீட்டுக்காரி