சிவக்கவிடாத தக்காளி

ராயபுரம்
14-9-1952

அன்பு மாப்பிள்ளை ஹென்றிக்கு, வங்கக் கடலோடு இருபது வருஷமாக எல்லைத் தகராறில் நிற்கும் உன் மாமன் வால்டர் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அத்தை சிலுவையம்மாளும் இன்றைய தேதி வரைக்கும் கரையில்தான் இருக்கிறோம், நீ தண்ணீர் மேல் சுகமாக இருக்கிறாயா. ஈஸ்டருக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை, அதனால் உன் சிங்கப்பூர்க் கப்பல் கம்பெனி விலாசத்துக்கே இதைப் போடுகிறேன். எனக்கு ராஜ உடம்புதான், காலையில் நான் முழங்காலை நீட்டினால் கேட்கும் சத்தத்தில் சங்கு ஊதியாயிற்று என்று ஹார்பரில் நிற்கும் கப்பல்கள் நங்கூரம் தூக்குகின்றன. மற்றபடி அசதிதான், உட்கார்ந்தால் எழுந்திருக்க அசதி, எழுந்தால் ஏன் எழுந்தோம் என்று அசதி.

நீ பந்து ஆடிய கொல்லை, துணி துவைக்கிற கல், முருங்கை மரம் எல்லாவற்றையும் கடல் தின்று ஏப்பம் விட்டுவிட்டது. போன மாசம் சமையலறைப் பின்சுவர் வரைக்கும் வந்து இன்றைக்கு என்ன குழம்பு என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பஷீர் பாய் வண்ணாரப்பேட்டையில் தன் காய்கறிக் கடைக்குப் பின்னால் இரண்டு அறையை நமக்காகப் பூட்டி வைத்திருக்கிறார். ஐப்பசி மழைக்கு முன்னால் போயாக வேண்டும், இந்தச் சுவர் இன்னொரு புயலைத் தாங்காது, இதில் மட்டும் என் வழக்கமான பொய் ஒரு சொட்டும் கிடையாது. அத்தைதான் நகர மாட்டேன் என்கிறாள். வைகாசியில் கெஞ்சிக் கேட்டபோது, "பயம் வர்ட்டும்யா, அப்பால போலாம்" என்றாள். பயம்தானே என்று நானும் ஒரு வாரம் பனைமர உயர அலை, அடுப்பை விழுங்கின சுறா என்று அவிழ்த்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் அவள் சொன்னது பழத்தை. நம் பேட்டை வாயில் பழமும் பயம்தான், பயமும் பயம்தான் என்பது எனக்கே மறந்து போயிற்று. பாய் கொடுத்த அழுகல் தக்காளியைப் பிழிந்து விதை எடுத்து வைத்திருந்தாள், அது முளைத்துக் காய்த்து ஒரு பழம் சிவந்ததும் பெட்டி கட்டுவாளாம்.

நட மண் எங்கே, இருக்கிற மண்ணெல்லாம் உப்பு. ஆகவே உன் மாமன் ஆகாயத்தில் தோட்டம் கண்டான். மூன்று மண்ணெண்ணெய் டின்னை வாய் வெட்டி, அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மாதவரத்திலிருந்து பாய் வண்டியில் வந்த ஏரி வண்டலையும் சாணத்தையும் நிரப்பி, கிழிந்த வலைக் கயிற்றில் உறி பின்னி, உப்புக் காற்று படாத தெருப்பக்கத்து விட்டத்தில் மாட்டினேன். ஒரு டின்னில் மட்டும் அடி ஓட்டை வழியாகச் செடியைத் தலைகீழாக விட்டு விஞ்ஞானம் பண்ணினேன், அது கழுத்தை மேலே வளைத்து இன்றைக்கும் என்னை முறைக்கிறது. குழாய்த் தண்ணீரை எனக்கு அளந்து கொடுப்பவள் செடிக்கு மட்டும் தாராளமாக ஊற்றினாள். பூ வந்தது, காய் வந்தது, ஒவ்வொன்றும் பூசணி அளவு, சரி, நெல்லிக்காய் அளவு. ஆனால் ஒன்றும் சிவக்கவில்லை, பச்சை வெளுக்கத் தொடங்கும் சமயம் பார்த்துக் காணாமல் போய்விடும். அணில் என்றாள், காக்கா என்றாள், வலை சுற்றினேன், அப்புறமும் போயிற்று. போன வியாழக்கிழமை மத்தியானம் பொய்க் குறட்டை விட்டுப் படுத்திருந்தேன். உன் அத்தையே முக்காலியில் ஏறி, வலையை விலக்கி, காயைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டாள். ஆவணி மாசத்தில் மாங்காய் ஏது என்று கேட்காமல் நானும் வாரத்துக்கு நாலு நாள் மாங்காய்க் கூட்டு என்று அந்தத் தக்காளிக் காயைத்தான் தின்றிருக்கிறேனே.

"இன்னாடி இது கள்ளத்தனம்" என்றேன். அவள் சண்டைக்கு வரவில்லை. "புள்ள கப்பல்லேந்து எறங்குனா நேரா இந்த வாசலுக்குத்தான் வருவான். வூடே இல்லேன்னா இன்னாயா பண்ணுவான், கடல்ல பூந்து தேடுவானா?" என்று கேட்டுவிட்டு முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உன் அம்மா உன்னை எங்கள் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிய நாளிலிருந்து அவளுக்கு வேறு பிள்ளை ஏது. பழத்துக்குப் பின்னால் இருந்தது எந்தப் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஹென்றிக்கு எழுதுகிறேன் என்றேன். "அவன் எழுதாததயும் எழுதுனா மாரி நீயே பட்ச்சிக் காட்டுவ" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, என் வாயை நம்பமாட்டாள், முப்பது வருஷம் அளந்ததற்கு இதுதான் பலன்.

ஆகவே எனக்குப் பதில் வேண்டாம். கீழே எழுதியிருக்கிற விலாசத்துக்கு அத்தை பேரில் ஒரு கடிதம் போடு, உள்ளே வெள்ளைத் தாள் இருந்தாலும் போதும். அவளைப் பாய் கடைக்குக் கூட்டிப்போய்த் தபால்காரர் கையாலேயே கொடுக்கச் சொல்கிறேன். உன் ஸ்டாம்பு அவளுக்குத் தெரியும், ஒன்று விடாமல் பவுடர் டப்பாவில் சேர்த்திருக்கிறாள். கடிதம் அந்த வாசலுக்கு வழி கண்டுபிடித்தால் நீயும் கண்டுபிடிப்பாய் என்று நம்புவாள்.

மேல்தளத்தில் பனியில் படுக்காதே, சட்டை போட்டுக்கொள், மாதா உன் கப்பலுக்கு முன்னால் நடக்கட்டும். மறந்துவிடாதே, அந்தத் தலைகீழ்ச் செடியில் ஒரு காயை அவள் கண்ணில் படாமல் பழந்துணி சுற்றி இலைக்குள் ஒளித்திருக்கிறேன். கோலிக்குண்டு அளவு, இன்னும் நல்ல பச்சை. அது சிவப்பதற்குள் எழுது.

இப்படிக்கு,
ஆகாயத் தோட்டத்து மகாராஜாவும் கூட்டு தின்றே பல் கூசிப்போனவனுமாகிய
உன் மாமன் வால்டர்

விலாசம்: சிலுவையம்மாள், பஷீர் பாய் காய்கறிக் கடையின் பின்வீடு, வண்ணாரப்பேட்டை, சென்னை.