நாலாவது இடம்

ஏப்ரல் 9
பிரோஷ்காவுக்குப் பின்னம் பிடிபட்டுவிட்டது. முப்பத்தெட்டு வயதில் பள்ளி இறுதித் தேர்வு எழுதப்போகிறாள். ஊரார் ஜிப்சி என்று இளக்காரமாகச் சொல்லும் ரோமா மக்களின் இந்தக் குடியிருப்பில் அதை எழுதும் முதல் பெண். சங்கத்தில் நான் எடுக்கும் வகுப்பு முடிந்ததும் வழக்கம்போல புத்தர் முன் உட்கார்ந்து எல்லோருக்கும் நல்லது நினைத்தோம்: முதலில் தனக்கு, பிறகு நண்பருக்கு, யாரோ ஒருவருக்கு, நாலாவதாக ஆகாதவருக்கு. தனக்கு ஆகாதவர் யாருமில்லையே என்று பிரோஷ்கா வழக்கம்போல அலுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 14
வெட்கம் கெட்டவள் நான். மிஷ்கோல்ட்ஸ் நகரத்துக்குப் போகும் பஸ்ஸில் கடாலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நகரத்துப் பள்ளியில் முன்பு என்னோடு வேலை பார்த்தவள். நானும் ரோமா என்று அவளுக்குத் தெரியாது. என் வெளுத்த தோல் காட்டிக்கொடுக்கவில்லை, நானும் சொன்னதில்லை. பிரோஷ்கா ஏறினாள். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கைகூப்பி, "ஜெய் பீம் டீச்சர்" என்றாள். இந்தப் பக்கத்தில் அப்படி வணங்குவது அம்பேத்கர் வழியில் புத்தரைப் பின்பற்றும் எங்கள் சங்கத்து ஆட்கள் மட்டும்தான்.

"உனக்குத் தெரிஞ்ச ஜிப்சியா?" என்றாள் கடாலின்.

"இல்ல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிரோஷ்கா காதில் விழாமலா இருக்கும்?

ஏப்ரல் 16
பிரோஷ்கா வகுப்புக்கு வரவில்லை.

ஏப்ரல் 21
இன்றும் வரவில்லை. தேர்வும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்கிறாளாம். அவள் கணவன் டெஜோ வந்து சொன்னான். அம்பேத்கர் படத்துக்குக் கீழே நின்று, தலை நிமிர்ந்து நடங்கள் என்று வாய் கிழியப் பேசுகிறவள் நான். எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? ச்சே.

ஏப்ரல் 23
அவள் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லி, கடுங்காப்பி ஊற்றித் தந்தாள். திட்டியிருந்தால் தேவலை. மன்னிப்புக் கேட்டேன்.

"நாலாவது எடத்துக்கு ஆளு கெடைக்காம தவிப்பேன்ல டீச்சர்? இப்ப உங்கள வெச்சிருக்கேன். நீங்க நல்லா இருக்கணும்னு தெனமும் நெனைக்கிறேன். உயிர் போகுது."

சிரிக்காமல்தான் சொன்னாள். தேர்வை விட்டுவிடாதே என்று மட்டும் கெஞ்சினேன். எழுதுகிறேன், ஆனால் வாசல்வரை நீங்கள் என்னோடு பேசிக்கொண்டே வரவேண்டும், நாலு பேர் பார்க்க என்றாள். சரி என்றேன்.

மே 5
கணக்குத் தேர்வு. நடந்தது கடாலின் பள்ளியில்! வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாகப் பிரோஷ்கா வழிநெடுக வாய்பாடு சொல்லிக்கொண்டு வந்தாள். வாசலில் கடாலின் நின்று உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். யார் இது என்று கேட்டாள். என் மாணவி என்றேன். பொய்யில்லை — பாதி உண்மை. பிரோஷ்கா என்னையே பார்த்தாள். மணி அடித்தது. அவள் நகரவில்லை. இதற்குமேலும் பொறுப்பாளா?

"எங்க ஆளு. நானும் ரோமாதான் கடாலின்."

குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர்கள் இருவருக்கும் கேட்டது. பிரோஷ்கா உள்ளே போனாள்.

ஜூன் 24
பிரோஷ்கா தேறிவிட்டாள். சங்கத்தில் எல்லோரையும் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு மட்டும் கை கொடுத்தாள்.

காலையில் பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. கடாலின் மிஷ்கோல்ட்ஸ்வரை நின்றுகொண்டே வந்தாள்.